குறுகிய வீச்சும் கைக்குக் கிடைத்த மட்டையும்

டென்னிஸ் மட்டையைத் தெரிவு செய்வது பற்றி எழுதப்படும் கைந்நூல்கள், ஒரு கடையின் சுவரில் பல மட்டைகள் தொங்குவதாகவும், வாங்க வந்தவர் தமது ஆட்டமுறையை அறிந்து அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வதாகவும் கருதிக்கொண்டே தொடங்குகின்றன. கொழும்பு 10க்குள் அடங்கும் மாளிகாவத்தையில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் வளர்ந்து, ஏதோவொரு வழியால் இந்த ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்த சிலரின் நினைவில் அப்படியொரு சுவர் இல்லை. அவர்களுக்கு மட்டை கிடைத்தது, தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனினும், கைக்கு வந்த மட்டை தன் ஆட்டத்துக்குப் பொருந்துகிறதா, பொருந்தாவிடில் அதில் எதை மாற்றிப் பொருத்தலாம் என்ற ஆராய்ச்சியை அவர்களே மிக நுணுக்கமாகச் செய்தார்கள் என்பது, அவர்களுள் ஒருவரான இக்கட்டுரையாசிரியரின் துணிபு. மட்டையின் சட்டகம் விலையுயர்ந்தது, ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு மாற்ற இயலாதது. ஆனால் அதில் கட்டப்படும் நரம்பும், அந்த நரம்பின் இழுவிசையும், பிடியின் பருமனும், எடை அமர்ந்திருக்கும் இடமும் குறைந்த செலவில் மாற்றக்கூடியவை. ஆட்டத்துக்கேற்ற கருவி என்பதன் பெரும்பகுதி இந்த மாற்றக்கூடிய பகுதியிலேயே அடங்கியிருக்கிறது.

மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அருகே, புகையிரத முற்றங்களை ஒட்டி அமைந்த மாளிகாவத்தை, தொடர்மாடி வீடுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் பெரிய முஸ்லிம் மையவாடியும் பி. டி. சிறிசேன மைதானமும் கொண்ட நெரிசலான குடியிருப்பாகும். 1986 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டு இன்று ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு என வழங்கும் கெத்தாராம மைதானமும் இதன் எல்லையிலேயே இருப்பதால், இப்பகுதியின் விளையாட்டு என்றால் கிரிக்கெட் என்றே வெளியார் எண்ணுவர். அது பெரும்பாலும் உண்மையுமாகும். ஆயினும் அந்த ஒழுங்கைக் கிரிக்கெட்டை நடத்தியது டென்னிஸ் பந்தே. றமழான் மாதத்தில் இரவுத் தொழுகை முடிந்தபின் மின்குமிழ் கட்டி ஆடப்பட்ட போட்டிகளிலும், பாடசாலை விட்டு வந்து மாடிகளுக்கிடையே ஆடப்பட்ட ஆட்டங்களிலும், மஞ்சள் உரோமம் தேய்ந்து சாம்பல் நிறமாகிப்போன அந்தப் பந்தே கைக்குக் கை மாறியது.

டென்னிஸ் பந்தின் அமைப்பை இங்கே விளக்குவது பொருந்தும், ஏனெனில் கருவித் தெரிவு மட்டையிலிருந்து அன்றிப் பந்திலிருந்தே தொடங்குகிறது. பந்து என்பது இரண்டு இறப்பர் அரைக்கோளங்களை ஒட்டி, உள்ளே வளிமண்டல அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் காற்றையோ நைதரசனையோ அடைத்து, வெளியே கம்பளியும் நைலோனும் கலந்த துணி போர்த்திச் செய்யப்படுவதாகும்; சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிப்படி அதன் எடை 56.0 முதல் 59.4 கிராம் வரை இருக்கவேண்டும், 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கடினத் தரையில் விழவிட்டால் 135க்கும் 147க்கும் இடைப்பட்ட சென்ரிமீற்றர் உயரத்துக்கு எழவேண்டும். தகரக் குழாயின் மூடியைத் திறந்த கணத்திலிருந்தே உள்ளிருக்கும் அழுத்தம் இறப்பர்ச் சுவரினூடாக மெல்லக் கசியத் தொடங்குவதால், கழகங்களில் சில ஆட்டங்களுக்குப் பின் அப்பந்து செத்துப்போனதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட பந்துகளே பந்து பொறுக்கும் பையன்களின் காற்சட்டைப் பைகள் வழியாக மாளிகாவத்தைக்கு வந்தன. அழுத்தம் குறைந்த பந்து தாழ எழும், மட்டையில் பட்டதும் சோம்பி விலகும். அதனால் அதை எதிர்ப்பக்கம் அனுப்புவதற்கு ஆடுபவர் தாமே விசை கொடுக்கவேண்டும். செத்த பந்தில் பழகியவர்கள் புதுப் பந்தைச் சந்தித்தபோது பந்து தம்மைவிட்டு ஓடுவதாக உணர்ந்தார்கள் என்பது அக்காலத்தில் ஆடிய பலரும் இன்றும் சொல்லும் செய்தியாகும்.

பந்து வந்த அதே வழியால்தான் ஆட்டமும் வந்தது. கிறீன் பாத் என முன்னர் வழங்கி, இப்போது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை எனப் பெயர்கொண்ட வீதியை அண்டிய இலங்கை டென்னிஸ் சங்கத்தின் திடல்களிலும், பொரளையில் உள்ள தமிழ் யூனியன் கழகம் போன்ற பழைய கழகங்களிலும், அயல் குடியிருப்புகளின் சிறுவர்கள் பந்து பொறுக்கிக் கொடுத்துச் சில்லறை பெறுவது வழக்கமாக இருந்தது. 1899 இல் தொடங்கப்பட்டு, 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டிக்கு இடம் கொடுத்த தமிழ் யூனியன் கழகத்தைக் கிரிக்கெட் வரலாறு நன்கு நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அத்தகைய கழகங்களின் ஓரங்களில் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட சிறுவர்களைப் பற்றி எவரும் விரிவாக எழுதவில்லை என்பது வருந்தத்தக்கது. உறுப்பினர்களுக்குத் துணையாக ஆடுவதற்கும் பயிற்சி கொடுப்பதற்கும் கழகம் சம்பளத்துக்கு அமர்த்திய ஆட்டக்காரர் ‘மார்க்கர்’ என அழைக்கப்பட்டார். பந்து பொறுக்கும் சிறுவரிடம் திறமையைக் கண்டால், உறுப்பினர் வருமுன்னர் காலை வேளையில் அவரைத் திடலில் இறக்கிச் சில பந்துகளை அடிக்கவிடுவதும், நரம்பறுந்து மூலையில் கிடக்கும் மட்டையொன்றைக் கையில் கொடுத்தனுப்புவதும் அந்த மார்க்கரே.

அவ்வாறு பெற்ற மட்டையுடன் மாளிகாவத்தைக்குத் திரும்பிய சிறுவருக்குத் திடல் கிடையாது. தொடர்மாடியின் கொங்கிரீட் பக்கச் சுவரே எதிராளி. சுவருக்கும் எதிர்மாடியின் படிக்கட்டுக்கும் இடையில் இருந்த வெளி ஒடுங்கியது, இருபுறமும் கொடியில் துணி காயும், நடுவே முதியவர்கள் கதிரை போட்டு அமர்ந்திருப்பர். இத்தகைய இடத்தில் மட்டையைப் பின்னால் நெடுக இழுத்துச் சுற்றி வீசுவது இயலாது. பந்தும் தொலைவிலிருந்து வராமல் சுவரிலிருந்து உடனே திரும்பி வருவதால், கை முன்னாலேயே நிற்கவேண்டும், மணிக்கட்டு உறுதியாக இருக்கவேண்டும், அடியானது தள்ளலும் வெட்டலுமாகக் குறுகியதாக அமையவேண்டும். ஆகவே மாளிகாவத்தைச் சுவரில் உருவானவர்களின் ஆட்டம், பந்து தரையில் படுமுன்னரே அடிக்கும் வொலியிலும், பந்தின் அடிப்பகுதியை வெட்டிப் பின்சுழல் கொடுக்கும் ஸ்லைஸிலும் தேர்ந்ததாகவும், பின்கோட்டிலிருந்து நெடிய வீச்சால் அடிக்கப்படும் அடிகளில் வலுக்குறைந்ததாகவும் அமைந்தது. ஒருவரின் ஆட்டமுறை அவரது மனப்பாங்கிலிருந்து பிறக்கிறது என்று பயிற்சி நூல்கள் கூறுவது அரை உண்மையே. அவர் பழகிய இடத்தின் அகலத்திலிருந்தும் அது பிறக்கிறது.

இங்கேதான் மட்டைத் தெரிவின் அடிப்படை விதி வந்து நிற்கிறது. வீச்சு நெடியதாகவும் வேகமானதாகவும் உள்ளவர் தமக்குத் தேவையான விசையைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அவருக்கு வேண்டியது அந்த விசையை அடக்கி நெறிப்படுத்தும் மட்டை. வீச்சு குறுகியவருக்கோ விசையின் ஒரு பங்கை மட்டையே தரவேண்டும். மட்டை விசை தருவதும் அடக்குவதும் மூன்று பண்புகளைப் பொறுத்தவை. முதலாவது தலையின் பரப்பு, அதாவது நரம்பு கட்டப்பட்ட முகத்தின் பரப்பு. இது பழைய மர மட்டைகளில் ஏறத்தாழ 65 முதல் 70 சதுர அங்குலமாக இருந்தது, இன்றைய மட்டைகளில் பெரும்பாலும் 95 முதல் 105 வரை இருக்கிறது. பரப்புக் கூடினால் நரம்பு நீளும், நீண்ட நரம்பு கூடுதலாக வளைந்து பந்தைத் திருப்பி எறியும். நடுப்பகுதி தவறிப் பட்ட பந்தும் ஓரளவு ஒழுங்காகச் செல்லும். இரண்டாவது சட்டகத்தின் விறைப்பு. பந்து படும்போது சட்டகம் வளைந்தால் விசையின் ஒரு பகுதி அந்த வளைவில் வீணாகும், வளையாவிட்டால் அது பந்துக்கே திரும்பும், ஆனால் அதிர்ச்சி கையை வந்தடையும். மூன்றாவது எடையும் அந்த எடை தங்கியிருக்கும் இடமும் ஆகும்; எடை தலைப்பக்கம் மிகுந்தால் அடி கனக்கும், பிடிப்பக்கம் மிகுந்தால் மட்டை கையில் விரைந்து திரும்பும்.

இந்த விதியின்படி பார்த்தால், குறுகிய வீச்சுக் கொண்ட மாளிகாவத்தைச் சிறுவருக்கு அகன்ற முகமும் ஓரளவு விறைப்பும் பிடிப்பக்கம் எடையும் கொண்ட மட்டையே பொருத்தமானது. அவருக்குக் கிடைத்ததோ அதற்கு நேர்மாறானது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு விளையாட்டுப் பொருட்கள் நாட்டுக்குள் வருவது அரிதாகியிருந்தமையால், அதற்கு முந்திய ஆண்டுகளில் வந்த டன்லொப் மெக்ஸ்பிளை போன்ற மர மட்டைகளே மீண்டும் மீண்டும் நரம்பு கட்டப்பட்டு, வார்னிஷ் பூசப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கும் உறுப்பினரிடமிருந்து மார்க்கருக்கும் மார்க்கரிடமிருந்து பந்து பொறுக்கும் பையனுக்கும் இறங்கி வந்தன. பல மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துச் செய்யப்பட்ட இம்மட்டைகள் 370 கிராமுக்கும் மேல் எடையுள்ளவை. முகம் சிறியது, சட்டகம் வளைந்து கொடுப்பது. ஈரக்காற்றில் முறுகிவிடும் இயல்புடையனவாதலால், நான்கு மூலையிலும் திருகாணி பொருத்திய மரச்சட்டத்துக்குள் இறுக்கி வைக்கவேண்டும். அந்த இறுக்குச்சட்டம் இல்லாத வீடுகளில் மட்டையைப் பாய்க்கும் மெத்தைக்கும் இடையில் வைத்து அதன்மேல் உறங்கியவர்களும் இருந்தனர்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அலுமினிய மட்டைகளும், சற்றுப் பிந்திக் கிராபைட் மட்டைகளும் கொழும்புக்கு வந்தன. உலகில் இம்மாற்றம் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது: பனிச்சறுக்குப் பலகைகள் செய்து பெயர்பெற்ற ஹோவர்ட் ஹெட், பிரின்ஸ் நிறுவனத்தின் வழியாக 1976 இல் 110 சதுர அங்குல முகம் கொண்ட மட்டையை வெளியிட்டதும், அதை ஏந்திய பதினாறு வயதுப் பாம் ஷிரைவர் 1978 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்றதும், மர மட்டையின் காலம் முடிவதற்கான அறிகுறிகளாயின. அந்த அகன்ற முகம் முதியவர்களுக்கும் தொடக்க ஆட்டக்காரர்களுக்கும் உரியதெனக் கொழும்புக் கழகங்களில் சிலர் ஒதுக்கியதுண்டு. உண்மையில் குறுகிய வீச்சுள்ள வொலி ஆட்டக்காரருக்கு அதைப்போல் உதவக்கூடியது வேறொன்றில்லை. வலையருகே நிற்பவருக்குப் பந்தை நடுமுகத்தில் வாங்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை, ஓரத்தில் பட்டாலும் திரும்பாமல் நிற்கும் அகலமே அவருக்குத் துணை.

புதிய மட்டை எட்டாத நிலையில், கையில் இருந்த மர மட்டையை எவ்வாறு தன் ஆட்டத்துக்கு இணக்குவது என்ற வினாவுக்கு விடை நரம்பில் இருந்தது. கடைகளிலும் கழகங்களிலும் ‘கட்’ என்று சொல்லப்பட்ட இந்த நரம்பு, தொடக்கத்தில் ஆட்டுக்குடலிலிருந்தும் பின்னர் மாட்டுக்குடலிலிருந்தும் திரிக்கப்பட்டது. பிரான்சின் பபோலா நிறுவனம் 1875 இல் டென்னிஸ் மட்டைக்கென இதைச் செய்யத் தொடங்கியது. இயற்கை நரம்பைப்போல் மென்மையாகவும் விசையோடும் பந்தைத் திருப்பும் பொருள் இன்றளவும் செய்யப்படவில்லை எனலாம். ஆனால் அது விலை மிகுந்தது, கொழும்பின் ஈரக்காற்றில் ஊறி இழை பிரிந்துவிடுவது. மழையில் ஒருமுறை நனைந்தால் அதன் வாழ்நாள் முடிந்துவிடும். எனவே மாளிகாவத்தை மட்டைகளில் நைலோனே இருந்தது. நைலோனை எத்தனை இறாத்தல் இழுவிசையில் கட்டுவது என்பதே அங்கு நிகழ்ந்த உண்மையான தெரிவு.

இழுவிசை பற்றிய விதி, முதலில் கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். நரம்பை இறுக்கினால் பந்து விசையோடு பாயும் என்றே எவரும் எண்ணுவர், உண்மை வேறு. தளர்ந்த நரம்பு பந்து படும்போது ஆழமாகக் குழிந்து, அவ்விசையின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது; இறுகிய நரம்பில் பந்தே நசுங்கி விசையை இழக்கிறது. ஆகவே தளர்ந்த நரம்பு விசையையும் ஆழத்தையும் தரும், இறுகிய நரம்பு பந்து போகும் திசையின்மேல் பிடிப்பைத் தரும். நெடிய வீச்சால் பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாக உரசி, முன்னோக்கிச் சுழலும் டொப்ஸ்பின் கொடுத்து ஆடிய சுவீடன் நாட்டுப் பியோன் போர்க், தமது டொனே மர மட்டையை ஏறத்தாழ 80 இறாத்தலில் கட்டுவித்தார் என்பது அக்காலத்து இளைஞர் யாவரும் அறிந்த செய்தி. அதைக் கேட்ட கொழும்பு இளைஞர் பலர் தாமும் அப்படியே இறுக்கிக் கட்டும்படி கேட்டனர். போர்க்கின் வீச்சு இல்லாத கையில் போர்க்கின் இழுவிசை பலகையாகிவிடும். பந்து வலையைத் தாண்டாது, தாண்டினாலும் பாதித் திடலில் விழும், முழங்கையோ சில வாரங்களில் வலிக்கத் தொடங்கும்.

மருதானைப் பக்கமாக ஒரு சிறு அறையில் இருந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டிய முதியவர் ஒருவர் இதைத் தெளிவாக அறிந்திருந்தார். அவரிடம் இயந்திரம் இல்லை; மேசையில் பொருத்திய இடுக்கியும், துளைகளில் நரம்பை நிறுத்தி வைக்கும் ஊசிகளும், நரம்பைச் சுற்றி இழுக்கும் ஒரு மர உருளையும் இருந்தன. இழுத்து முடித்தபின் ஒவ்வொரு நரம்பையும் விரலால் சுண்டி, எழும் ஓசையின் உயரத்தைக் கொண்டு இழுவிசை சமனாக இருக்கிறதா என அவர் அறிந்துகொள்வார். வாடிக்கையாளர் எவ்வளவு இறாத்தல் என்று சொன்னாலும், முதலில் வெற்று மட்டையைக் கையில் கொடுத்து அறையின் நடுவில் நிறுத்தி, ஒரு முன்கையடியும் ஒரு பின்கையடியும் வீசிக்காட்டச் சொல்வது அவர் வழக்கம். சுவரில் பழகிய சிறுவர் தமது ஒடுங்கிய வீச்சைக் காட்டியதும், “மகன், ஒங்கட வீச்சு சின்ன வீச்சு; இந்தக் கட்டைக்கு நாப்பத்தஞ்சு இறாத்தல் போதும், மிச்சத்த நரம்பு பாத்துக்கொள்ளும்” என்பார். “நானா, போர்க் எம்பது போடுறாராமே” என்று மறுத்தால் அவர் விவாதிப்பதில்லை. கேட்டதைவிடத் தளர்வாகவே கட்டிக் கொடுத்து, பிடிக்காவிட்டால் காசில்லாமல் மீண்டும் கட்டித் தருவதாகச் சொல்வார். அவ்வாறு திரும்பி வந்தவர்களை இக்கட்டுரையாசிரியர் கண்டதில்லை. ஆட்டக்காரரின் சொல்லைவிட அவரது வீச்சை நம்பிய அம்முறை, இன்று கணினியும் ஒளிப்படக்கருவியும் கொண்டு செய்யப்படும் மட்டைப் பொருத்தத்தின் சாரத்தை முழுமையாகக் கொண்டிருந்தது.

நரம்பின் வரலாறு அத்தோடு நின்றுவிடவில்லை. 1997 இல் பிரேசிலின் குஸ்தாவோ குவேர்ட்டன் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியை வென்றபோது அவர் மட்டையில் இருந்த லக்சிலொன் என்னும் பொலியெஸ்டர் நரம்பு, அடுத்த பத்தாண்டுகளுக்குள் உலகத் தொழில்முறை ஆட்டத்தையே மாற்றியமைத்தது. இந்நரம்பு வழுக்குந்தன்மை கொண்டது. பந்து உரசும்போது குறுக்கு நரம்பின்மேல் நெடுக்கு நரம்பு வழுக்கிச்சென்று மீண்டும் தன் இடத்துக்குத் துள்ளி வருவதால் பந்துக்குச் சுழல் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் பொலியெஸ்டர் விறைப்பானது, இழுவிசையை விரைவில் இழப்பது. வேகமாக வீசி அதை வளைக்கக்கூடிய கைக்கு அது வரம், குறுகிய வீச்சுள்ள கைக்கு அது வலி. இன்று கொழும்பில் தொடக்க ஆட்டக்காரருக்கும் பதின்வயதுச் சிறுவருக்கும் தொலைக்காட்சியில் கண்ட வீரரின் பெயரைச் சொல்லி இந்நரம்பைக் கட்டிவிடும் வழக்கம் பரவியிருப்பது கவலை தருவது. வீச்சு வளரும்வரை, பல மெல்லிய நைலோன் இழைகளை ஒன்றுசேர்த்துச் செய்யப்படும் பல்லிழை நரம்பே அவர்களுக்கு உகந்தது. ஓரளவு டொப்ஸ்பின் கைவந்தபின் நெடுக்கில் பொலியெஸ்டரும் குறுக்கில் மென்னரம்பும் கலந்து கட்டலாம்.

எடையை இடம் மாற்றும் கலையை மாளிகாவத்தை இளைஞர் அயலிலுள்ள பஞ்சிகாவத்தையிடமிருந்து பெற்றனர். வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற அவ்வீதியில், சக்கரத்தின் சமநிலைக்காக விளிம்பில் பொருத்தப்படும் சிறு ஈயத்துண்டுகள் எளிதில் கிடைத்தன. அவற்றைத் தட்டித் தகடாக்கி, மட்டை முகத்தின் இருபக்கங்களிலும், கடிகாரமெனக் கொண்டால் மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் உரிய இடங்களில், மின்கம்பி சுற்றும் நாடாவால் ஒட்டினால் ஓரத்தில் படும் பந்துக்கு மட்டை முறுகாமல் நிற்கும். உச்சியில் ஒட்டினால் அடி கனக்கும், ஆனால் மட்டை சோம்பும். பிடியின் தோலுக்கடியில் வைத்தால் தலை இலேசாகி வலையருகே கை விரையும். தொழில்முறை வீரரின் மட்டைகளிலும் இதே ஈயநாடா இதே இடங்களில் ஒட்டப்படுகிறது. பீட் சம்பிராஸ் தமது 85 சதுர அங்குல வில்சன் மட்டையில் ஈயம் ஏற்றியே ஆடினார். ஒரே மாதிரியான அலுமினிய மட்டை இரண்டைப் பெற்ற நண்பர் இருவருள், வலையை நோக்கி ஓடும் ஒருவர் பிடிக்குள் ஈயம் வைத்துக்கொண்டதும், பின்கோட்டில் நின்று எந்தப் பந்தையும் திருப்பி அனுப்பும் மற்றவர் முகத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டதும், ஒரு கிழமைக்குள் அவ்விருவரும் மற்றவரின் மட்டையால் ஆட முடியாதவராகிப்போனதும் அக்காலத்து நினைவுகளில் இன்றும் மங்காதவை.

பிடியின் பருமன் பற்றி நூல்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது அதைவிட மதிக்கப்படவேண்டியது. பிடியின் சுற்றளவு 4 அங்குலத்திலிருந்து 4⅝ அங்குலம் வரை எட்டில் ஒரு அங்குலப் படிகளில் அமைகிறது. மட்டையை முன்கையடிக்குப் பிடித்தபின், விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் அடிமேட்டுக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரல் நெருக்கமின்றி அமர்ந்தால் பிடி பொருந்துகிறது எனக் கொள்ளலாம். மெலிந்த பிடியை முறுகாமல் வைத்திருக்கக் கை அதை இறுக்கிப் பிடிக்கவேண்டியிருப்பதால், முன்கைத் தசைநாண்கள் முழங்கையின் வெளியெலும்போடு சேருமிடத்தில் நோவெடுக்கும். டென்னிஸ் எல்போ எனப்படுவது இதுவே. பருத்த பிடியோ மணிக்கட்டின் அசைவைத் தடுக்கும். கழகத்து ஆடவரிடமிருந்து இறங்கி வந்த மட்டைகள் பெரும்பாலும் பெரும்பிடி கொண்டவையாதலால், சிறுகை கொண்டவர்களுக்கு அவை பொருந்தவில்லை. தொடர்மாடியின் பின்புறச் சுவரில், தம்பிமாரின் மட்டையை வாங்கி மாலையில் ஆடிய ஒரு ராத்தா, பிடியின் தோலை முழுவதும் உரித்து, உள்மரத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி மெலிவித்து, மேலே பருத்தித்துணி சுற்றிக்கொண்டார். பின்கையடியை இருகையாலும் அடித்த அவர், மற்றக் கைக்கும் இடம் வேண்டுமென்று அத்துணியை மட்டையின் கழுத்துவரை ஏற்றிச் சுற்றியிருந்தார். இருகைப் பின்கையடி ஆடுபவருக்கு நீண்ட பிடி வேண்டும் என இன்று மட்டை நிறுவனங்கள் அறிவுறுத்துவதை அவர் தம் கையாலேயே கண்டறிந்திருந்தார். வாய்ப்பிருந்தால் அந்தச் சுவரிலிருந்து புறப்பட்டு வெகுதூரம் சென்றிருக்கக்கூடிய ஆட்டம் அவருடையது.

வியர்வையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் கொழும்பில் ஆடுபவருக்கு அது வானிலை சார்ந்த நிலையான உண்மை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும், மழையில்லாத மாதங்களிலும்கூடக் காற்றில் ஈரம் குறைவதில்லை. தோல் பிடி வழுக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் இவான் லெண்டில் தமது பையில் மரத்தூளை வைத்துக் கையில் பூசிக்கொண்டே ஆடினார். மாளிகாவத்தையிலும் தச்சுப்பட்டறை மரத்தூளே பயன்பட்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் மேலுறைப் பிடிகளில், பசைத்தன்மை கொண்டவற்றைவிட வியர்வையை உறிஞ்சும் உலர்ந்த வகையே இத்தீவுக்குப் பொருந்தும். அதையும் அடிக்கடி மாற்றவேண்டும்.

ஆட்டத்துக்கேற்ற கருவி என்ற எண்ணத்துக்குத் தமிழ் வாசகர் அருகிலிருந்தே சான்று காணலாம். தென்காசியிலிருந்து வந்த டி. கே. ராமநாதனின் மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1989 இல் ஆஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். தந்தையும் மகனும் விசையால் வென்றவர்கள் அல்லர். எதிராளியின் விசையையே வாங்கி, குறுகிய வீச்சால், பந்து எழும்போதே அதைத் தொட்டுத் திருப்பி, இடமறிந்து வைத்து வென்றவர்கள். 1980களில் மட்டைகள் யாவும் விசையை நோக்கி விரைந்த காலத்தில் ரமேஷ் கிருஷ்ணன் அத்தொடு ஆட்டத்தைக் கைவிடாதிருந்தது, சுவரில் கற்ற சிறுவர்களுக்குப் பெரும் ஊக்கமாயிற்று: தமது ஆட்டம் குறையுள்ள ஆட்டம் அன்று, அதற்கும் உலக அரங்கில் இடமுண்டு என்பதை அவர்கள் கண்டார்கள். கிருஷ்ணன் ஆட்டத்தைப் போற்றிக்கொண்டு போர்க்கின் நரம்பைக் கட்டுவது முரண் என்பதையும் அவர்களே உணர்ந்தார்கள்.

சப்பாத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். பாடசாலைக்கு அணிந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தே திடலுக்கும் போதுமென அன்று எண்ணப்பட்டது. அதன் தட்டையான அடி செம்மண் திடலில் சறுக்குவதற்கு ஓரளவு உதவியது, பக்கவாட்டில் திரும்பும்போது காலைத் தாங்கவில்லை. இன்று பலர் ஓட்டச் சப்பாத்தோடு ஆட வருகின்றனர். முன்னோக்கிய ஓட்டத்துக்கென உயர்த்திச் செய்யப்பட்ட அதன் மென்குதி, பக்கம் பாயும்போது கணுக்காலை மடக்கிவிடும். மட்டைக்குச் செலவிட எண்ணும் பணத்தில் ஒரு பகுதியைப் பக்கத் தாங்கலுள்ள டென்னிஸ் சப்பாத்துக்கு ஒதுக்குபவர் அறிவுடையவர். மண்திடலில் ஆடுபவர் அடியில் மீன்முள் வடிவ வரியுள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும்.

இப்போது மட்டை வாங்கச் செல்பவர், 98 முதல் 100 சதுர அங்குல முகமும், நரம்பில்லாமல் 285 முதல் 305 கிராம் எடையும் கொண்ட மட்டைகள் கடைகளில் நிறைந்திருப்பதைக் காண்பார். நெடுக்கில் 16, குறுக்கில் 19 என நரம்பு அமைந்தவை சுழலுக்கும், 18க்கு 20 என நெருங்கியவை திசைப்பிடிப்புக்கும் உதவுவன. வீட்டில் முதலில் மட்டை வாங்குபவர் இவ்விலக்கங்களைக் கண்டு தயங்கவேண்டியதில்லை. நடுத்தர எடையும் 100 சதுர அங்குல முகமும் கொண்ட ஒன்றை, முடிந்தால் பிறர் பயன்படுத்தியதை, வாங்கிக்கொண்டு, மிஞ்சிய பணத்தில் வெவ்வேறு இழுவிசையில் நரம்பு கட்டுவித்து, ஈயத்தை இடம் மாற்றி, பிடியைத் திருத்திப் பார்ப்பதே தம் ஆட்டத்தை அறிவதற்கு நேரிய வழி. அவ்வாறு ஓர் ஆண்டு ஆடியபின் எந்தச் சட்டகம் வேண்டுமென்று அவரே சொல்லத்தக்கவராவார்.

சிறுவரைப் பொறுத்தவரை, அக்காலத்துக்கு வாய்க்காத ஒன்று இன்று வாய்த்திருக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழமையான பந்தைப் பயன்படுத்தக்கூடாதென்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012 முதல் விதி செய்திருக்கிறது. அவர்களுக்கெனச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என மூன்று நிலைப் பந்துகள் உள்ளன. இவற்றுள் மிக இளையோருக்கான சிவப்புப் பந்து வழமையான பந்தைவிட ஏறத்தாழ 75 வீதம் மெதுவாகச் செல்வது, குழந்தையின் இடுப்பளவுக்கே எழுவது. அதற்கு 19 முதல் 23 அங்குல நீளமுள்ள இலேசான மட்டை போதும். 27 அங்குல மட்டையைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு, செத்த பந்தை அடித்துப் பழகிய தலைமுறையினர் அறியாமலே தேடியது இப்பந்தைத்தான். அதற்குரிய சிறுதிடலின் நீளம் 11 மீற்றர், அகலம் ஐந்து ஆறு மீற்றர். அதற்குச் செம்மண்ணோ புல்லோ வேண்டியதில்லை, இரண்டு கதிரைகளுக்கிடையே கட்டிய கயிறே வலையாகும். மாளிகாவத்தைத் தொடர்மாடிகளுக்கு இடையிலுள்ள சீமெந்துத் தரைகளில் அந்த அளவு கொள்ளக்கூடியவை பல உள்ளன. அவற்றில் இப்பந்துகளையும் சிறுமட்டைகளையும் கொண்டு மாலையில் ஒரு மணிநேரம் ஆட்டம் நடத்த, அப்பகுதியின் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் டென்னிஸ் சங்கத்தோடு கூடி முன்வரவேண்டும். அத்தரையில் ஆடும் பிள்ளைக்கு, சுவர் திருப்பும் பந்தைக் குறுக்கே வெட்டுவதற்கு மாறாக, மட்டையை முழுவதும் பின்னால் எடுத்து வீசுவதற்குப் போதிய இடமிருக்கும்.